குடும்பத்தின் புலம்பெயர் வரலாற்றை எழுதுவது எப்படி: ஹக்கா மக்கள் காட்டும் வழி

குமரி மாவட்டத்திலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், மலாயாவுக்கும், திருவிதாங்கூரின் மலைத் தோட்டங்களுக்கும் ஆள் போன குடும்பங்கள் ஏராளம். யார், எப்போது, எதனால் போனார் என்று எழுதி வைத்த குடும்பங்கள் குறைவு. அதை எழுத முனைவோருக்கு ஹக்கா மக்களின் குலவரலாற்று ஏடுகளே சிறந்த முன்மாதிரி என்பது என் கருத்து. சீனாவின் ஹான் இனத்தில் ஒரு பிரிவினரான ஹக்காக்கள், வடக்குச் சமவெளியிலிருந்து தெற்கே பெயர்ந்து, ஜியாங்சி, ஃபூஜியன், குவாங்தொங் மாகாணங்களின் மலைப்பகுதிகளில் வேரூன்றி, பிறகு தைவான், போர்னியோ, மலாயா, கொல்கத்தா வரை பரவியவர்கள்.

முதலில் பெயர்களை ஒழுங்குபடுத்துங்கள். ஹக்கா குடும்பங்களில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஆண்களின் பெயர்களில் பொதுவான ஓர் எழுத்து இருக்கும் என்பதால், பெயரைக் கொண்டே தலைமுறையை அறியலாம். நம்மிடமோ பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இருப்பதால், ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பவும் வரும். ஆகவே ஒவ்வொரு பெயருடனும் தலைமுறை எண்ணையும் வீட்டுப்பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்து ஆவணங்கள். பழைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில், திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். அந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டைக் கண்டறிய, ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐயும், அதன்பின் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். 1099 ஆடியில் எழுதிய பத்திரமும் 1100 ஆவணியில் எழுதிய பத்திரமும் 1924-ஐச் சேர்ந்தவையே. கிறிஸ்தவக் குடும்பங்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து இப்பகுதியில் மிஷன் பணி தொடர்ந்திருக்கிறது. ஹக்காக்களிடையே 1847 முதல் பணியாற்றிய சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷனின் ஏற்பாட்டில்தான் 1883-இல் ஹக்கா கிறிஸ்தவர்கள் வட போர்னியோவின் குடாட்டில் குடியேறினர். அவர்கள் வரலாற்றுக்கும் மிஷன் ஆவணங்கள் பெரிதும் உதவுகின்றன.

ஏட்டில் எழுதியிருப்பதனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதை மறவாதீர்கள். லுவோ சியாங்லின் என்ற அறிஞர் 1933-இல் இந்த ஏடுகளைக் கொண்டே, ஹக்காக்கள் நான்காம் நூற்றாண்டு முதல் ஐந்து அலைகளாகத் தெற்கே வந்தனர் என்று வகுத்தார். பின்வந்த ஆய்வாளர்களோ, வடக்கின் உயர்குடியில் தோன்றியவர்கள் என்னும் உரிமைகோரல் பல ஏடுகளில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்றும், மலைவாழ் ஷே மக்களுடன் கலந்தே ஹக்கா சமூகம் உருவானது என்றும் காட்டினர். எனவே, ‘நாம் பாண்டிய நாட்டிலிருந்து வந்தவர்கள்’ என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் அதை மறுக்கவும் வேண்டாம், முடிந்த முடிவாக எழுதவும் வேண்டாம். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் குறித்து, பத்திரத்தில் கண்டது, வாய்மொழியாகக் கேட்டது, நீங்களாக ஊகித்தது என்ற மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

போன காரணத்தை ஆழமாக விசாரியுங்கள். சீனாவை ஆண்ட சிங் அரசு 1661-இல் தென்கடற்கரை மக்களை உள்நாட்டுக்கு விரட்டிய ஆணை நீங்கியபின் ஹக்காக்கள் பலர் அங்கே குடியேற, பிற்காலத்தில் உள்ளூர் மக்களோடு நிலத்துக்கான பகை வளர்ந்து 1855 முதல் 1867 வரை போராக மூண்டது. தோற்றவர்களில் பலர் கூலிகளாகக் கப்பலேறினர். நம் குடும்பங்களிலும் ‘பிழைப்புக்குப் போனார்’ என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் பஞ்சமோ, கடனோ, கூலியில்லாக் கட்டாய ஊழிய வேலையோ, பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்து 1859-இல் உச்சம் கண்ட தோள்சீலைக் கலகமோ இருக்கக்கூடும். போன ஆண்டு தெரிந்தால், அவ்வாண்டில் ஊரில் என்ன நடந்தது என்று தேடுவது எளிது.

ஹக்கா ஏடுகளிலிருந்து நாம் பின்பற்றக் கூடாதது ஒன்று உண்டு. ஹக்காப் பெண்கள் கால்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கத்தை ஏற்காமல் வயலில் உழைத்தவர்கள். ஆண்கள் கடல் கடந்த காலத்தில் நிலத்தையும் வீட்டையும் காத்தவர்கள். ஆனாலும் ஏடுகளில் மனைவியருக்குப் பெரும்பாலும் குலப்பெயர் மட்டுமே மிஞ்சியது, மகள்கள் பலர் விடுபட்டே போயினர். நீங்கள் ஒவ்வொரு பெண்ணுக்கும் முழுப்பெயர், பிறந்த ஊர், தாய்வீட்டுப் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். 1926-இல் சட்டம் வரும்வரை தாய்மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும் மருமக்கள் வழியைப் பின்பற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் தாய்வழியை விட்டுவிட்டால், சொத்து இறங்கிய வழியே விளங்காது.

எழுதி முடித்ததும் வெளிநாட்டில் இருக்கும் கிளைக் குடும்பங்களுக்கு ஒரு படி அனுப்பி, திருத்தம் கேளுங்கள். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஏட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்பது சீனக் குலங்களின் பழைய மரபு. அடுத்த திருத்தத்துக்குப் பொறுப்பேற்பவர் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.