இறங்கிய தோள்: முதல் முறையிலேயே செய்யும் தவறுகள்

கபடியில் பாடிப் போனவரின் நீட்டிய கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தால், தோள் மூட்டு முன்பக்கமாக நழுவிவிடும். உருண்டையாக இருந்த தோள் சப்பையாகிவிடும். ஆள் ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டு நிற்பார். உடனே யாராவது அவர் அக்குளில் குதிகாலைக் கொடுத்து இழுக்கக் கிளம்புவார்கள். உள்ளே எலும்பு உடைந்திருப்பது வெளியே தெரியாது; தசை இறுகிக் கிடக்கும்போது முறுக்கினால் உடையாத எலும்பும் உடையும். கை எப்படி வைத்தால் வலி குறைகிறதோ அப்படியே துண்டால் கட்டி அழைத்துப் போங்கள். வழியில் டீ, தண்ணீர் வேண்டாம். மயக்க ஊசி தேவைப்படலாம்.

மருத்துவமனையில் அவசரத்தில் விட்டுப்போவது நரம்புச் சோதனை. மேல்கையின் வெளிப்பக்கம், போலீஸ் சட்டையில் கைப் பட்டை தைக்கும் இடத்தை இரண்டு பக்கமும் விரலால் தொட்டு, உணர்ச்சி ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. மூட்டைப் பொருத்தும் முன் ஒருமுறை, பின் ஒருமுறை கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் தோள் நழுவியபோதே நரம்பில் அடிபட்டதா, மூட்டைப் பொருத்தியபோது அடிபட்டதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எக்ஸ்-ரேயும் முன்னிருந்து எடுத்த ஒரே படத்தோடு நிற்கக் கூடாது. வலிப்பிலோ மின்சாரம் தாக்கியோ மூட்டு பின்பக்கம் நழுவியிருந்தால் அந்தப் படம் ஏமாற்றிவிடும்.

பொருத்தியதும் வலி சட்டென்று அடங்கும். பெரிய தவறு அங்கேதான் தொடங்குகிறது: ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர் நேர்மாறாக ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் தூளியிலேயே போட்டுவைப்பார்கள். முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கட்டிவைப்பதால் மீண்டும் இறங்குவது குறைவதில்லை. தோள் விறைப்பதுதான் மிச்சம். வலி தணியும்வரை தூளி போதும். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். பந்து எறியக் கையை ஓங்கும் நிலை மட்டும் ஆறு வாரம் கூடாது. அதன்பின் பிசியோதெரபியில் தோள்பட்டைத் தசைகளின் பலம் திரும்பாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள், களத்தில் இறங்க வேண்டாம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், முதல் முறை தோள் இறங்கிய 15 முதல் 35 வயதுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டே ஆண்டில் தோள் மறுபடி நிலைகுலைந்தது. கை எலும்பின் தலை உட்காரும் கிண்ணத்தின் முன் விளிம்பில் கிழிந்த குருத்தெலும்பு வளையம் பழைய இடத்தில் சரியாக ஒட்டாததே முக்கியக் காரணம். அதனால் இருபத்தைந்துக்குள் இருக்கும் ஆட்டக்காரர், ‘இன்னொரு முறை இறங்கட்டும், பார்ப்போம்’ என்று இருக்காமல், முதல் முறையிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துத் தோள் அறுவை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஒவ்வொரு முறை நழுவும்போதும் கிண்ணத்தின் எலும்பு விளிம்பு கொஞ்சம் தேயும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் சாவித்துளை அறுவையில், சிறு துளை வழியாகப் போடும் தையல் தாங்காது. பக்கத்து எலும்பை வெட்டி அங்கே திருகாணி போட்டுப் பொருத்த வேண்டியிருக்கும்.