ஜவாஹர் கலா கேந்திரம்: பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை மாணவர்களை ஜெய்ப்பூருக்கு அழைத்துச் செல்வது பல ஆண்டுகளாக என் பணியின் ஒரு பகுதி. அங்குள்ள கலை வளாகமான ஜவாஹர் கலா கேந்திரத்தில், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை ஒவ்வொரு புதிய குழுவும் செய்வதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். நுழைவுச்சீட்டு, விடுமுறை நாள் ஆகியவற்றை எவரும் விசாரித்துக்கொள்ளலாம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பழைய நகரைப் பார்க்காமல் நேரே இங்கு வருவது

சார்லஸ் கொரியாவின் வடிவமைப்பில் 1986 முதல் 1992 வரையிலான காலத்தில் உருவான இவ்வளாகத்தில், ஒவ்வொரு பக்கமும் 30 மீட்டர் கொண்ட ஒன்பது சதுரங்கள் உள்ளன; ஒவ்வொன்றும் ஒரு கோளுக்குரியது, அவற்றைச் சூழ்ந்த சுவர்களின் உயரம் 8 மீட்டர். இதுவரை எல்லாரும் படித்துவிட்டே வருகிறார்கள். வந்தபின், மூலைச் சதுரம் ஒன்று வரிசையிலிருந்து விலகி நிற்பதைக் கண்டு, ‘மரபை மீறிய நவீனம்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்த ஒரு வரிதான். 1727-இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் நிறுவிய நகரமே ஒன்பது சதுரத் திட்டத்தில் பிறந்தது. குன்று குறுக்கிட்டதால் அதில் ஒரு சதுரம் கிழக்கே நகர்ந்தது. அந்த நகர்வை நினைவூட்டவே கொரியா இங்கும் ஒரு சதுரத்தை விலக்கி, விலகிய இடத்தை நுழைவழியாக்கினார். மீறல் என்று மாணவர்கள் எழுதுவது உண்மையில் நகரத்தின் வரலாற்றை அப்படியே பின்பற்றிய செயல்.

இதை அறியாத மாணவர் ஒருவர், இவ்வளாகத்தைத் தழுவித் தம் இறுதியாண்டுத் திட்டத்தை வரைந்தபோது, விலகலைக் குறையென்று கருதி ஒன்பது சதுரங்களையும் ஒழுங்காக அடுக்கிவிட்டார். பிறகு வாயிலுக்கு இடம் கிடைக்காமல், ஒரு சுவரைத் துளைத்துக் கதவு வைத்தார். தேர்வாளர்கள் அந்தக் கதவைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். மாதிரியை உடைத்து, மீண்டும் ஜெய்ப்பூருக்கு ரயிலேறி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார். செலவு முழுவதும் அவருடையது.

ஆகவே முதல் நாளை பழைய நகரின் ஜோஹரி பஜாரிலும் பெரிய சௌபட் சதுக்கத்திலும் செலவிடுங்கள். நாஹர்கட் கோட்டைமீது ஏறினால், நேர்த்தெருக்களும் அவற்றைத் தடுத்த மலையும் ஒரே பார்வையில் விளங்கும். மறுநாள் இங்கு வாருங்கள்.

நடுச் சதுரத்தை வெறும் வழியாகக் கடப்பது

சூரியனுக்குரிய நடுச் சதுரத்தில் கூரை இல்லை. குஜராத்தின் மொதேரா சூரியன் கோயிலிலுள்ள படிக்குளமான சூரியகுண்டத்தை நினைவூட்டும் படிகள் மட்டுமே உள்ளன. மனையைச் சதுரங்களாகப் பகுத்துத் திட்டமிடும் மண்டல மரபில் நடு வெறுமைக்கு உரியது, அந்த வெறுமையே ஆற்றலின் ஊற்று. எனவே ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று சொல்லிக் கண்காட்சிக்கூடத்துக்கு விரைபவர்கள், உண்மையைச் சொல்லிவிட்டு அதைப் பார்க்காமலே போகிறார்கள். படியில் அமருங்கள், சுற்றியுள்ள எட்டும் எதைச் சூழ்ந்து நிற்கின்றன என்பது அங்கிருந்துதான் புரியும்.

கைபேசியில் வழி தேடுவது

சுவரில் பதித்த கோள் சின்னங்களைப் பாருங்கள். அவையே வழிகாட்டி.

கிரகப் பலன் கேட்பது

இது கோயில் அன்று.

மே மாத நண்பகல்

வேண்டாம்.

காபியில் தொடங்குவது

வளாகத்தின் காபி விடுதியில் அமர்ந்த குழுவைக் குறித்த நேரத்தில் எழுப்ப என்னால் முடிந்ததே இல்லை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.