ஒற்றை ஆள் ராஃப்டில் ட்ரவுட் ஆறு: முதலில் துடுப்பு, பிறகு தூண்டில்

முதன்முதலாக ராஃப்டில், அதாவது காற்றடைத்த மிதவைப் படகில், இறங்கிய அன்று, ஒரு கையில் துடுப்பும் மறு கையில் தூண்டிற்கோலுமாக மிதந்தபடியே ஃப்ளை (பூச்சி போலச் செய்த பொய் இரை) வீசப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு கால்மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆற்று வளைவில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. ராஃப்ட் அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, என் கண் மிதக்கும் ஃப்ளையின் மீதே இருந்தது. கோலின் முனை ஒடிந்தது. நான் ஒடியாதது தற்செயல்.

அன்றிலிருந்து ஒற்றை ஆள் ராஃப்டை ஒரு வண்டியாகத்தான் பார்க்கிறேன். நடந்து எட்ட முடியாத கூழாங்கல் திட்டுக்கு அது நம்மைக் கொண்டு சேர்க்கும். ட்ரவுட் மீன் பிடிப்பது பெரும்பாலும் இறங்கி நின்றுதான். வீசவும் முடிச்சுப் போடவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. ஆறும் நீர் அளவும்

அணைச் செய்திகளில் வரும் ‘வினாடிக்கு இத்தனை கன அடி’ என்ற கணக்குத்தான் இங்கேயும். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். வெறும் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அகன்ற ஆற்றில் 1,000 கன அடி சாதுவாகப் போகும். குறுகிய ஆற்றில் அதே 1,000 பாய்ந்து வரும். அந்த ஆற்றில் படகு ஓட்டுபவரிடம் எந்த அளவு ஆரம்பநிலைக்காரருக்கு ஏற்றது என்று கேளுங்கள். முதல் பயணத்துக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் போதும். நின்று நின்று மீன்பிடித்தால் அதற்கே ஒரு பகல் போய்விடும்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் ஆற்றில் மிதந்து போக யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஆற்றுப் படுகை தனியார் சொத்தாக இருந்தால் அங்கே காலை ஊன்றுவதும் நங்கூரம் போடுவதும் அத்துமீறல் ஆகலாம்.

புறப்படும் துறையில் ஒரு வண்டி, இறங்கும் துறையில் ஒரு வண்டி வேண்டும். நான் ஒருமுறை கீழே நிற்கும் காரின் சாவியை மேலே நிற்கும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஆறு மணி நேரம் மகிழ்ச்சியாக மிதந்து வந்தேன். இப்போது சாவி லைஃப் ஜாக்கெட்டின் ஜிப் வைத்த பையில் இருக்கிறது.

2. சாமான்கள்

8 அல்லது 9 அடி நீள ராஃப்ட், இரும்பு அல்லது அலுமினியச் சட்டம், உறுதியான துடுப்புக் கொண்டிகள். மடக்கு நாற்காலி, கோப்பை வைக்கும் வளையம் இவையெல்லாம் விற்பவருக்கு லாபம், உங்களுக்குப் பாரம். பணத்தைத் துடுப்பில் போடுங்கள். துடுப்பின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கொண்டிக்கு உள்ளேயும் இரண்டு பங்கு வெளியேயும் இருந்தால் கை நோகாது.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கைக்கு அடியில் கிடந்தால் அது உயிர் காக்காது. ட்ரவுட் வாழ்கிற ஆறு என்றாலே குளிர்ந்த ஆறு. திடீரென்று உள்ளே விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த ஒரு நிமிடம் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது ஜாக்கெட்தான். வேடர் (நீரில் நிற்க அணியும் நீர்புகாக் காலுடை) அணிந்தால் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். வேடருக்குள் நீர் புகுந்தால் அது ஆளை அடியில் இழுத்துவிடும் என்பது கட்டுக்கதை. நீருக்குள் நீருக்கு ஏது எடை? ஆனால் கரையேறும்போது அத்தனையும் எடையாகிவிடும்.

நங்கூரம்? முதல் பருவம் முழுவதும் வீட்டிலேயே வையுங்கள். வேக நீரில் நங்கூரம் சிக்கினால் ராஃப்ட் நின்ற இடத்திலேயே நீரில் அமுங்கிவிடும். கத்தி ஒன்று ஜாக்கெட்டில் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கோல் 9 அடி, 5 எடை (எந்தக் கனக் கயிற்றுக்கு ஏற்ற கோல் என்று சொல்லும் எண்). வேறு எதைப் பற்றியும் என்னிடம் விவாதம் செய்யலாம், இதைப் பற்றி வேண்டாம்.

3. காற்றடித்தல்

ஓர் அறையை முழுவதும் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நடுவில் இருக்கும் தடுப்பு இழுபட்டுக் கெடும். எல்லா அறைகளையும் பாதியளவு நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாக முழுமையாக்குங்கள். இந்த வகை ராஃப்டுகளின் பக்கக் குழாய்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு); உங்கள் ராஃப்டில் அச்சிட்டிருக்கும் எண்ணே இறுதி.

4. துடுப்பு: என்னைக் கவிழ்த்த படி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் ஒரு முழுக் கோடையைத் தொலைத்தது இந்த இடத்தில்தான்.

ராஃப்டில் நீங்கள் நீர் ஓடும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். எதிரே இடப்பக்கம் ஒரு பாறை தெரிகிறது. கை தானாக என்ன செய்யும்? ராஃப்டை வலப்பக்கம் திருப்பி முன்னோக்கித் தள்ளும். தப்பு. முன்னே தள்ளினால் ஆற்றின் வேகத்தோடு உங்கள் வேகமும் சேர்கிறது. பாறையைத் தாண்டுவதற்குள் பாறை வந்துவிடும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். ராஃப்டின் முகத்தைப் பாறையை நோக்கியே திருப்புங்கள். இடது துடுப்பை இழுத்து, வலது துடுப்பைத் தள்ளினால் முகம் இடப்பக்கம் திரும்பும். நீரோட்டத்துக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வு வந்ததும் இரண்டு துடுப்புகளையும் சேர்த்து நெஞ்சை நோக்கி இழுங்கள். ராஃப்ட் முதுகுப் பக்கமாக, அதாவது வலப்பக்கமாக நகரும். கூடவே நீரின் வேகத்தைவிட மெதுவாகவும் போகும். இழுக்கும்போது காலும் முதுகும் உழைக்கின்றன. தள்ளும்போது தோள் மட்டும்தான்.

எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி இழு. மரியாதைக் குறைவாகத் தோன்றினாலும் இதுதான் விதி. அலையே இல்லாத மடுவில் ஒரு மணி நேரம் இதை மட்டும் பழகுங்கள். கோலைக் காரிலேயே விட்டுவிடுங்கள், கை அரிக்கும்.

பாறையைவிட மோசமானது விழுந்த மரம். பாறையில் மோதும் நீர் விலகி ஓடும், உங்களையும் விலக்கிவிடப் பார்க்கும். மரக்கிளைக்குள் நீர் சல்லடையில் போவதுபோல் வடிந்து போகும். ஆள் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்வார். மரம் கண்ணில் பட்ட உடனே இழுக்கத் தொடங்குங்கள். ‘இன்னும் தூரம் இருக்கிறதே’ என்று நினைத்த நாளில்தான் என் கோல் ஒடிந்தது.

விழுந்துவிட்டால் மல்லாந்து, காலை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கால்விரல்களை நீருக்கு மேலே வைத்து மிதந்து போங்கள். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் நீர் உங்களை முன்பக்கமாக அமுக்கிவிடும். எதிரே மரம், விலக வழியில்லை என்றால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி அதன் மேல் ஏறிவிடுங்கள்.

5. ஒதுங்குதல், இறங்குதல்

பாறைக்குப் பின்னாலும் வளைவின் உட்பக்கத்திலும் நீர் திரும்பிச் சுழலும். ராஃப்டை நிறுத்த அதுவே இடம். அதே விதிதான்: முதுகைக் கரைக்குக் காட்டி இழுங்கள், சீக்கிரமே தொடங்குங்கள். சுழியின் மேல்முனையில் நுழையாவிட்டால் திட்டு கைநழுவிப் போய்விடும். போனால் போகட்டும், அடுத்தது வரும்.

வேக நீரும் மெது நீரும் உரசும் கோட்டில் ட்ரவுட் நிற்கும். மெது நீரில் சிரமமில்லாமல் நின்றுகொண்டு, வேக நீர் கொண்டுவரும் பூச்சியை எட்டிப் பிடிக்கும். மீனின் முகம் ஓட்டத்தின் எதிர்த்திசையில் இருப்பதால் திட்டின் கீழ்முனையில் இறங்கி மேல்நோக்கி நடந்து வாருங்கள்.

6. மிதந்தபடி வீசலாமா?

நேரான, பாறையில்லாத, நீண்ட மடுவில் வீசலாம். அங்கே ராஃப்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: ராஃப்டும் ஃப்ளையும் ஒரே வேகத்தில் போவதால் கயிறு ஃப்ளையை இழுப்பதில்லை. கரையில் நின்று வீசினால் சில நொடிகளில் கெட்டுவிடும் மிதப்பு, இங்கே நீண்டுகொண்டே போகும். நேர் பக்கவாட்டில் வீசாமல் கீழ்நோக்கிச் சாய்வாக வீசுங்கள். அடுத்த வளைவு கண்ணில் பட்டதும் கோலைக் கீழே வைத்துவிடுங்கள், மீன் கொத்திக்கொண்டிருந்தாலும்.

கயிறு சிக்கக்கூடிய பொருள் ராஃப்டில் எது என்று யோசிக்காதீர்கள், எல்லாமே சிக்கும். கொக்கி, வால்வு, செருப்பு வார், எல்லாம். ஈரத் துண்டு ஒன்றை மடியிலிருந்து கால்வரை விரித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை நெருங்கினால் மீன்பிடிப்பதை நிறுத்திவிடுங்கள். அந்தச் சூட்டில் போராடிய ட்ரவுட், விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

பின்சேர்ப்பு 1: காலையில் கல் மாதிரி இருந்த ராஃப்ட் நீரில் இறங்கியதும் தொளதொளவென்று ஆகிவிட்டது, ஓட்டையா என்று இருவர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் ஓட்டை இருக்காது. குளிர்ந்த நீர் பட்டு உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. நீரில் ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு மீண்டும் அடியுங்கள். சாப்பிட ஒதுங்கி ராஃப்டை வெயிலில் போட்டால் இதற்கு நேர்மாறு: கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தையல் பிரியும்.

பின்சேர்ப்பு 2: கரையில் பாதி இழுத்து வைத்திருந்த ராஃப்ட் தானாகப் புறப்பட்டுப் போய்விட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அணைக்குக் கீழே இருக்கும் ஆறுகளில் நீர் திறந்துவிட்டால், மழையே இல்லாமல் மட்டம் ஏறும். முழுவதும் மேலே இழுத்து, மரத்திலோ பெரிய கல்லிலோ கட்டுங்கள். எனக்கு இது நடந்ததில்லை; ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து இரண்டு முடிச்சு போடுகிறேன்.

பின்சேர்ப்பு 3: ஒரு ஆற்றிலிருந்து வேறு ஆற்றுக்குப் போகிறீர்கள் என்றால் ராஃப்ட், வேடர், காலணி மூன்றையும் கழுவி முழுக்கக் காயவையுங்கள். மீன் நோய்களும் பாசிகளும் ஈரத்தில்தான் பயணம் செய்கின்றன. குழாயும் தரையும் சேரும் மடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்து இரண்டு நாள் ஆன பிறகும் அங்கே ஈரம் இருக்கும்.