இக்ளூ என்றால் பனிவீடு இல்லை

'எஸ்கிமோக்களின் வீடு எது?' 'இக்ளூ.' பொது அறிவுப் புத்தகத்தில் இதை மனப்பாடம் செய்த ஆட்கள்தான் நாம். அந்த ஒரு வரியிலேயே இரண்டு சறுக்கல் இருக்கிறது.

கனடாவின் வடகோடியில் பேசப்படும் இனுக்டிடுட் மொழியில் 'இக்லு' என்றால் வீடு, அவ்வளவுதான். பலகை வீடானாலும் மாடி வீடானாலும் இக்லுதான். பனிப்பாளத்தை அடுக்கிக் கட்டுவதற்கு 'இக்லுவியாக்' என்று தனிப்பெயர் உண்டு.

எஸ்கிமோ என்பது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே அல்ல, அண்டை இனத்தார் வழியாக வந்தது. 'பச்சை இறைச்சி தின்பவர்' என்று பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பனியில் நடக்கும் வலைக்காலணியைப் பின்னுபவர் என்ற விளக்கத்தைத்தான் மொழியியலாளர் பலர் இன்று ஏற்கிறார்கள். வேர் எதுவானாலும் கனடாவில் அது இப்போது மரியாதைக் குறைவான சொல், விட்டுவிடுங்கள்.

அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் இனுயிட். சரி, இனுயிட்கள் என்று எழுதலாமா? அதுவும் வேண்டாம். ஒருவர் இனுக், இருவர் இனூக், அதற்கு மேல் இனுயிட். பன்மை உள்ளேயே இருக்கிறது, அதன்மேல் 'கள்' போட்டால் 'மனிதர்கள்கள்' மாதிரி ஆகிவிடும். மொழியின் பெயரிலும் அதே இனுக்தான், 'டிடுட்' என்றால் 'போல'; அதாவது இனுக்கைப் போலப் பேசுவது.

அப்புறம், இவர்கள் மொழியில் 'பனிக்கு நூறு சொல்' உண்டு என்ற அந்தப் பிரபலமான கதை. மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1911-ல் எடுத்துக்காட்டியவை நான்கே நான்கு வேர்கள், அது வாய்க்கு வாய் வளர்ந்து நூறாகிவிட்டது. அதற்காக 'வெறும் நான்குதான்' என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. 'அபுட்' தரையில் கிடக்கும் பனி, 'கனிக்' விழுந்துகொண்டிருக்கும் பனி, இப்படி வேர்ச்சொற்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஒட்டுக்கு மேல் ஒட்டு சேர்த்து ஒரு முழு வாக்கியத்தையே ஒரு சொல்லாக்கும் மொழியில் சொற்களை எண்ணுவதில் என்ன அர்த்தம்? 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்துதானே' என்று ஒரே மூச்சில் சொல்லும் நமக்கு இது புரியாமல் போகாது.

எனக்குப் பிடித்தது 'உயாக்' என்ற ஒட்டு. 'போல இருப்பது' என்று பொருள். கீனாக் முகம், கீனாவுயாக் பணம், ஏனென்றால் நாணயத்தில் அரச முகம் இருந்தது. கராசாக் மூளை, கராசாவுயாக் கம்ப்யூட்டர்! நவீனப் பொருளுக்கெல்லாம் ஆங்கிலத்தைத்தான் கடன் வாங்கியிருப்பார்கள் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனாலும் டீ அங்கேயும் டீதான்.

குளிர் ஊர் உடை என்றாலே இவர்கள் சொல் என்று முடிவுகட்டுவதும் சரியில்லை. அனோரக், பார்க்கா இரண்டும் தலைமூடி வைத்த குளிர் மேலங்கிகள். அனோரக் என்ற சொல் இனுக்டிடுட்டின் உறவு மொழியான கிரீன்லாந்து மொழியிலிருந்து வந்தது, பார்க்கா சைபீரியப் பக்கத்து நெனெட்ஸ் மொழியிலிருந்து ரஷ்யன் வழியாக வந்தது.

கடைசியாக, கனடாவின் வடக்கு ஆட்சிப்பகுதியான நுனாவுட்டின் தலைநகரம் இகலூயிட் (Iqaluit). 'மீன்கள்' என்று பொருள். ஆங்கிலப் பழக்கத்தில் கியூவுக்குப் பின்னால் ஒரு யூவைச் செருகினால் 'பின்புறம் கழுவாதவர்கள்' என்கிற மாதிரி ஆகிவிடும், 2009-ல் கனடா பிரதமர் அலுவலகமே ஓர் அறிக்கையில் இப்படி எழுதி மாட்டிக்கொண்டது. தமிழில் எழுதும் நமக்கு அந்த ஆபத்து இல்லை, ஆனால் தொண்டைக்கு அருகில் பிறக்கும் அந்தக் கியூவும் சாதாரணக் கே ஒலியும் நம் ககரத்தில் ஒன்றாகிவிடும், மேலே நான் எழுதியவற்றிலும் அப்படித்தான்.