'கோல்டன்' சொல்லுக்கு வேர் தேடும்போது சறுக்கும் இடங்கள்

ஜெர்மனில் தங்கத்துக்கு 'கோல்ட்', பணத்துக்கு 'கெல்ட்'. அந்தக் காலத்தில் பணம் என்றாலே தங்கம்தானே என்று பலரும் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் 'கெல்ட்' வேறு குடும்பம்: செலுத்துவது, ஈடு கட்டுவது என்ற பொருள். ஆங்கில 'யீல்ட்' அதற்குச் சொந்தம். வணிகர் சங்கத்தைக் குறிக்கும் 'கில்ட்' கூட அந்தப் பக்கம்தான். நம் கடைவீதி 'கில்ட் நகை'யில் வரும் 'கில்ட்' மட்டுமே தங்கத்தின் வழி வந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், அவ்வளவே.

அடுத்த சறுக்கல் இன்னும் நுட்பமானது. ஆங்கில 'கோல்ட்' உடன் 'என்' சேர்ந்து 'கோல்டன்'. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'குல்தென்' என்பதுபோல் ஒலித்தது. முதல் உயிர், உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்லும் 'இ'. காரணம், விகுதியில் முன்பு ஓர் இகரம் இருந்தது. அது முன்னால் நின்ற உகரத்தைத் தன் பக்கம் இழுத்தது. 'மவுஸ்' பன்மையில் 'மைஸ்' ஆனதும் இதே இழுப்பால்தான். பிறகு மக்கள் 'கோல்ட்' என்பதை வைத்தே சொல்லைப் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். ஜெர்மனிலும் பழைய 'குயில்டன்' ஒதுங்கி 'கோல்டன்' வந்தது. ஆகவே இன்றைய வடிவத்தை அப்படியே பின்னோக்கி நீட்டக்கூடாது.

பழைய சான்று வேண்டுமானால் 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் தொடங்கிய கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பைப் பாருங்கள். கோதிக் என்பது ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உறவான ஒரு பழைய மொழி. பெரிய வீட்டில் பொன், வெள்ளிப் பாத்திரங்களோடு மரமும் மண்ணும் உண்டு என்ற வரியில் 'குல்தெய்னா' வருகிறது. அதே விகுதி வெள்ளிக்கும் மரத்துக்கும் அங்கேயே ஒட்டி நிற்கிறது. எதனால் செய்தது என்று சொல்லும் விகுதி அது. ஆங்கில 'வுடன்' அதன் மிச்சம்.

டச்சு 'குல்டன்' நாணயம் என்றாலே தங்கக் காசு என்று நினைப்பதும் வழக்கமான பிழை. பெயருக்குப் பொன் என்று பொருள். பின்னாளில் வெள்ளியில்தான் அடித்தார்கள். 2002இல் யூரோ வந்ததும் புழக்கம் நின்றது.

லத்தீன் 'அவுரும்' என்பதை இங்கே இழுக்க வேண்டாம். அதன் உறவு வைகறையைக் குறிக்கும் 'அவுரோரா'வோடு. 'கோல்ட்' பிறந்த வேர் மஞ்சள் நிறத்தது. 'யெல்லோ'வும் அதன் பிள்ளை. அந்த வேரின் முதல் ஒலி ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானியக் குடும்பத்தில் ககரமானது, போலந்து மொழி அடங்கிய ஸ்லாவியக் குடும்பத்தில் 'ஸ' (z) ஆனது, சமஸ்கிருதத்தில் ஹகரமானது. அதனால் போலந்தின் 'ஸ்வோட்டி' நாணயமும், இரணியன் பெயரிலுள்ள 'ஹிரண்ய'வும் 'கோல்ட'னுக்கு மெய்யான உறவினர்.