பொது நிர்வாகவியல்: முதலாண்டுப் பாடத்தைப் படிக்கும் முறை

பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகவியலைப் புதிதாக எடுத்துக்கொள்ளும் மாணவருக்கு முதல் சில வாரங்களில் இப்பாடம் எளிதாகவே தோன்றும். அறிஞரின் பெயர், ஆண்டு, கோட்பாட்டின் சிறப்பியல்புகள், நிறைகள், குறைகள் என்று வரிசையாக எழுதி மனப்பாடம் செய்தால் போதும் என்ற எண்ணம் அப்போதே வேர்விட்டுவிடுகிறது. ஆனால், ஒரு நிர்வாகச் சிக்கலைக் கொடுத்து 'இதனை ஆராய்க' என்று வினாத்தாள் கேட்கும்போது, பட்டியலை மட்டும் வைத்திருப்பவர் திகைத்து நிற்கிறார். இத்துறையில் பெரும்பாலான கோட்பாடுகள், தமக்கு முன்பிருந்த ஒரு நடைமுறையையோ கருத்தையோ மறுத்து எழுந்த வாதங்களாகும். எதனை மறுத்தன என்று தெரியாமல் அவற்றைப் படிப்பது, வழக்கில் ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும். ஆகவே, எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும் 'இவர் யாரை மறுக்கிறார்?' என்ற கேள்வியை முதலில் எழுப்பிக்கொள்ள வேண்டும். பின்வரும் வழிமுறைகள் அனைத்தும் அக்கேள்வியைச் சார்ந்தே அமைந்துள்ளன.

ஒரு சேவையைத் தேர்ந்துகொள்ளுதல்

பாடநூலைத் திறப்பதற்கு முன்பே, ஓரளவு அறிமுகமான பொதுச் சேவை ஒன்றைத் தேர்ந்து, பருவம் முழுவதும் அதனையே துணையாக வைத்துக்கொள்வது நல்லது. பிறப்புச் சான்றிதழ், குடிநீர் இணைப்பு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். அது சிறியதாகவும், தொடக்கம் முதல் முடிவு வரை தொடரக்கூடியதாகவும் இருப்பதே முக்கியம். பாதுகாப்பு அமைச்சகம் போன்ற பேரமைப்பு ஒன்றைத் தேர்ந்தால், செய்தித்தாள் கருத்துகளுக்கு அப்பால் அதிகம் கிடைக்காது.

பிறப்புச் சான்றிதழைத் தேர்ந்தவர், இச்சேவைக்கு அடிப்படையான சட்டம் எது, அதன்கீழ் விதிகளை வகுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது, விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் யார், அவர் தாமே முடிவெடுக்கக்கூடியவை எவை, மேலதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டியவை எவை, இச்சேவைக்கான செலவு வரவு செலவுத் திட்டத்தின் எந்தத் தலைப்பில் வருகிறது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுத முயல வேண்டும். முதல் முயற்சியில் பாதிக்கும் மேற்பட்ட இடங்கள் நிரம்பாமல் போகலாம். அவற்றை ஊகத்தால் நிரப்பாமல் அப்படியே விட்டுவைத்தால், விரிவுரையில் கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பது தானாகவே தெளிவாகும்.

அந்தப் பக்கம் கையில் இருந்தால் கோட்பாடுகள் உடனுக்குடன் பொருள்படும். ஜெர்மானியச் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் அதிகாரவர்க்கத்தின் இயல்புகளாகக் கூறிய வரையறுக்கப்பட்ட அதிகார எல்லை, படிநிலை அமைப்பு, எழுத்து வடிவிலான கோப்புகள், தகுதி அடிப்படையிலான நியமனம் ஆகியவற்றை அதிலேயே சுட்டிக்காட்டலாம். தந்தையின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதற்காக விண்ணப்பம் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டால், குறிக்கோளுக்காக ஏற்பட்ட விதி தானே குறிக்கோளாகிவிடுவதைப் பற்றி ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் எழுதியது நினைவுக்கு வரும். அதே விண்ணப்பத்தை வேறோர் எழுத்தர் சிறு திருத்தத்துடன் ஏற்றுக்கொண்டால், மக்களை நேரில் சந்திக்கும் கடைநிலை ஊழியர்களின் அன்றாட முடிவுகளே நடைமுறையில் அரசின் கொள்கையாக அமைகின்றன என்று மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் வாதிட்டது ஏன் என்பது விளங்கும்.

ஆண்டுகளை வாதமாக வாசித்தல்

பெரும்பாலான பாடநூல்கள் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன் 1887-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகின்றன. நிர்வாகம் அரசியலுக்குரிய களத்திற்கு வெளியே உள்ளது என்று அதில் அவர் கூறினார். இதனை மட்டும் படிக்கும் மாணவருக்கு, நிர்வாகத்தில் அரசியல் கலப்பதை அறியாத ஒருவரின் கூற்றாக அது தோன்றும். உண்மையில், அரசியல் எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தது என்பதைக் கண்ணெதிரே கண்ட தலைமுறையின் கூற்று அது. அமெரிக்காவில் தேர்தலில் வென்ற கட்சி தன் ஆதரவாளர்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது பல பத்தாண்டுகளாக வழக்கில் இருந்தது. 1881-இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு, பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் இருந்த ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். 1883-இல் பெண்டில்டன் சட்டம் நிறைவேறி, பதவிகளில் ஒரு பகுதிக்குத் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. வில்சனின் கட்டுரை அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. பிரிட்டனில் நார்த்கோட் – டிரெவெலியன் அறிக்கை 1854-லேயே போட்டித் தேர்வை வலியுறுத்தியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அரசியலும் நிர்வாகமும் பிரிய வேண்டும் என்ற கருத்து, ஓர் ஊழலுக்கு மாற்றாகக் கேட்கப்பட்ட சீர்திருத்தம் என்பது புலப்படும்.

ஆண்டுகளைக் குறிக்கும்போது இன்னொரு கவனமும் தேவை. ஒரு நூல் எழுதப்பட்ட ஆண்டும் அது பரவலாகப் படிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றாக இருப்பதில்லை. வெபர் 1920-இல் இறந்தார். ஆனால், அதிகாரவர்க்கம் பற்றிய அவரது புகழ்பெற்ற பகுதி பரவலாகப் படிக்கப்பட்ட ஆங்கில வடிவத்தில் வெளிவந்தது 1946-இல்தான். அமெரிக்க நிர்வாகவியல் அறிஞர் லூதர் குலிக் திட்டமிடல், அமைப்பாக்கம், பணியமர்த்தல், நெறிப்படுத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், வரவு செலவுத் திட்டமிடல் ஆகிய ஏழு பணிகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'போஸ்ட்கார்ப்' என்று பெயரிட்ட கட்டுரையோ 1937-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ளது. பாடநூலில் வெபர் முன்னதாக வருவதால், குலிக் அவரிடமிருந்தே தொடங்கினார் என்று எழுதும் மாணவர்கள் பலர் உண்டு. பாடநூலின் வரிசை வசதிக்காக அமைக்கப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. குலிக் பிரான்சின் ஹென்றி ஃபயோலைப் பின்பற்றியவர். ஃபயோலோ சுரங்க நிறுவனம் ஒன்றின் தலைவராகப் பணியாற்றிய பொறியாளர்.

மூலக்கட்டுரை ஒன்றையாவது முழுமையாகப் படித்தல்

முதல் ஆண்டில் எல்லா மூலநூல்களையும் படிப்பது இயலாது, தேவையுமில்லை. ஆனால், ஒரே ஒரு மூலக்கட்டுரையையாவது தொடக்கம் முதல் இறுதி வரை படித்தாக வேண்டும். என் தேர்வு, ஹெர்பர்ட் சைமன் 1946-இல் எழுதிய 'நிர்வாகத்தின் பழமொழிகள்' என்ற கட்டுரை. வெபரைவிட அது எளிது. வில்சனைவிட அதில் வாதம் கூர்மையாக இருக்கிறது.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரணான இணைகளாக வருகின்றன என்பதே சைமனின் தொடக்கம். 'பதறாத காரியம் சிதறாது' என்றும் சொல்கிறோம். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றும் சொல்கிறோம். எந்த முடிவை எடுத்தாலும் அதனை நியாயப்படுத்த ஒன்று கிடைத்துவிடும். குலிக் முதலியோர் அறிவியல் விதிகளாக முன்வைத்த நிர்வாகக் கொள்கைகளும் இத்தகையவையே என்று சைமன் காட்டுகிறார். இதனை வாசிப்பதோடு நில்லாமல் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மேலாளர் குறைந்த எண்ணிக்கையிலானோரையே கண்காணிக்க வேண்டும் என்பது ஒரு கொள்கை. அமைப்பில் அடுக்குகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அடிமட்டத்தில் ஏறக்குறைய 3,000 ஊழியர்களைக் கொண்ட ஓர் அமைப்பில் ஒவ்வொருவரும் ஐவரைக் கண்காணிப்பதாக வைத்துக்கொண்டால், 5, 25, 125, 625, 3,125 என்று தலைவருக்குக் கீழே ஐந்து அடுக்குகள் தேவைப்படும். ஒவ்வொருவரும் பதினைவரைக் கண்காணித்தால் 15, 225, 3,375 என்று மூன்றே அடுக்குகள் போதும். முதல் அமைப்பில் ஒரு கோப்பு தலைவரைச் சென்றடையும் முன் நான்கு மேசைகளைக் கடக்கிறது. இரண்டாவதில் இரண்டு மேசைகளை மட்டுமே கடக்கிறது, ஆனால் அங்கே கண்காணிப்பு தளர்ந்துபோகும். எது சிறந்தது என்று இரு கொள்கைகளும் சொல்வதில்லை. செய்யும் வேலையின் தன்மையையும், எந்த முடிவு எந்த மட்டத்தில் எடுக்கப்படுகிறது என்பதையும் ஆராய்ந்தால்தான் விடை கிடைக்கும் என்ற இடத்தில் சைமன் புதிய துறையொன்றையே தொடங்கிவைத்தார். மனிதரின் பகுத்தறிவு வரம்புக்குட்பட்டது என்று அவர் பின்னர் விரித்துரைத்த கருத்தும், 1978-இல் அவருக்குக் கிடைத்த பொருளியல் நோபல் பரிசும் இவ்வழியில் வந்தவையே.

சைமனைப் படித்த கையோடு, அவரையும் மறுத்தவர்களைத் தேட வேண்டும். செயல்திறன் என்பதே மதிப்பீடுகள் கலந்த கருத்து, மக்களாட்சியில் 'எதற்காகத் திறன்?' என்று கேட்காமல் இருக்க முடியாது என்று டுவைட் வால்டோ 1948-இல் எழுதினார். இவ்விருவருக்கும் இடையிலான கருத்து மோதலைப் புரிந்துகொண்டவருக்கு, 1991-இல் கிறிஸ்டோபர் ஹூட் பெயர்சூட்டி விமர்சித்த 'புதிய பொது மேலாண்மை' வரையிலான பாடம் ஓரளவு தானே விளங்கிவிடும். தனியார் நிறுவன உத்திகள் அரசு அலுவலகத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வியிலும் அதே மோதல்தான் வேறு உருவில் தொடர்கிறது.

ஆவணங்களை வாசித்தல்

கோட்பாட்டு நூல்களோடு நின்றுவிடும் மாணவர் இழப்பது, அரசுத் துறைகளின் கணக்குகளையும் செயல்பாட்டையும் ஆராயும் தணிக்கை அறிக்கைகளை. வகுப்பில் இவற்றை யாரும் பரிந்துரைக்காமல் போகலாம். நிர்வாகம் எங்கே பழுதடைகிறது என்பதை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் எதுவும் இல்லை என்பது என் கருத்து. அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டாம். சுருக்கத்தைப் படித்த பின், ஒரே ஒரு தணிக்கைப் பத்தியைத் தேர்ந்து, நடந்திருக்க வேண்டியது என்ன, நடந்தது என்ன, காரணமாகத் தணிக்கையாளர் கூறுவது என்ன, துறை அளித்த பதில் என்ன என்று நான்கையும் பிரித்தெழுத வேண்டும். துறையின் பதிலில்தான் பாடம் இருக்கிறது. 'பணியிடங்கள் நிரப்பப்படவில்லை', 'பிற துறையின் ஒப்புதல் வரவில்லை', 'நிதி ஆண்டின் இறுதியில்தான் விடுவிக்கப்பட்டது' என்ற விளக்கங்கள் மீண்டும் மீண்டும் வருவதைக் கவனித்து, ஒவ்வொன்றும் பணியாளர் நிர்வாகம், ஒருங்கிணைப்பு, நிதி நிர்வாகம் ஆகிய எந்த அத்தியாயத்துக்குரியது என்று குறித்துக்கொள்ளலாம்.

ஒப்புதல்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஜெஃப்ரி பிரஸ்மனும் ஆரன் வில்டாவ்ஸ்கியும் 1973-இல் விளக்கினர். கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் வேலைவாய்ப்பை உருவாக்கத் தொடங்கப்பட்ட கூட்டாட்சி அரசுத் திட்டத்திற்குப் பணமும் இருந்தது, பெரிய எதிர்ப்பும் இல்லை. ஆயினும், எதிர்பார்த்த வேலைகளில் மிகச் சிலவே உருவாயின. ஒரு திட்டம் பத்துப் பேரின் ஒப்புதலைத் தனித்தனியே பெற வேண்டும், ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு 90 சதவீதம் என்று கொண்டாலும், பத்தும் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 35 சதவீதம்தான். இருபது ஒப்புதல்கள் தேவையெனில் அது சுமார் 12 சதவீதமாகக் குறைகிறது. ஒவ்வொரு ஒப்புதலும் மற்றவற்றைச் சாராதது என்ற அனுமானத்தின் மேல் நிற்கும் கணக்கு இது. நடைமுறையில் அதிகாரிகள் பேரம் பேசுகிறார்கள், ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறுகிறார்கள் என்ற மறுப்பையும் கட்டுரையில் சேர்த்தெழுதும் மாணவர் தனித்துத் தெரிவார்.

வரவு செலவுத் திட்ட ஆவணத்தை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. தேர்ந்துகொண்ட சேவைக்குரிய தலைப்பில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு ஆகிய மூன்று எண்களையும் தொடர்ச்சியான சில ஆண்டுகளுக்கு எடுத்து அட்டவணையாக்கினால் போதும். ஏற்கெனவே உள்ள நிலையையே அடிப்படையாக வைத்துச் சிறிய மாற்றங்களோடு முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று சார்லஸ் லிண்ட்ப்ளாம் 1959-இல் முன்வைத்த பார்வை அந்த எண்களோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தாமல் திடீரென ஏறியோ இறங்கியோ இருக்கும் ஆண்டுதான் கட்டுரைக்கு உகந்த ஆண்டு.

கட்டுரை எழுதுதல்

'அரசியலிலிருந்து நிர்வாகத்தைப் பிரிக்க முடியுமா?' என்பது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் வினா. வரையறையில் தொடங்கி, ஆதரவாக ஐந்து காரணங்கள், எதிராக ஐந்து காரணங்கள், இறுதியில் 'இரண்டும் சமநிலையில் இருக்க வேண்டும்' என்று முடிப்பது வழக்கமான விடை. இது தவறில்லை, ஆனால், எழுதியவருக்கு நிலைப்பாடு எதுவும் இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டைக் கூறிவிடுவது மேல். 'நியமனத்தில் பிரிக்க முடியும், முடிவெடுத்தலில் பிரிக்க முடியாது' என்பது அத்தகைய ஒரு நிலைப்பாடு. தகுதித் தேர்வு முறையின் வரலாற்றை முதல் பாதிக்கும், விதியைப் பொருத்திப் பார்க்கும் எழுத்தரின் விருப்புரிமையை இரண்டாம் பாதிக்கும் சான்றாக்கலாம். அடுத்து, இந்நிலைப்பாட்டுக்கு எதிரான வலுவான வாதத்தை அதன் முழு வலிமையோடு எழுத வேண்டும். அதிகாரியை நல்வழியில் நிறுத்துவது அவரது தொழில்சார் அறிவும் மனச்சான்றும்தான் என்று கார்ல் ஃபிரீட்ரிக்கும், மக்கள் பிரதிநிதிகளின் வெளிக்கட்டுப்பாடு இல்லாமல் பொறுப்புடைமை இல்லை என்று ஹெர்மன் ஃபைனரும் 1940, 1941 ஆண்டுகளில் நடத்திய விவாதம் இவ்விடத்தில் நேரடியாகப் பயன்படும். ஃபைனரை ஏற்பவர், எழுத்தரின் ஒவ்வொரு முடிவையும் சட்டமன்றம் கண்காணிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

நாடுகளை ஒப்பிடும் வினாக்களில், நிறுவனங்களின் பெயர் ஒன்றாக இருப்பதால் பணியும் ஒன்றே என்று கொள்வது பொதுவான பிழை. அரசு அலுவலகங்கள் மீதான மக்களின் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் பதவி 1809-இல் சுவீடனில் தோன்றி, பல நாடுகளுக்குப் பரவியது. அவரை நியமிப்பவர் யார், அவரது பரிந்துரை யாரைக் கட்டுப்படுத்தும் என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அவ்விரண்டையும் சரிபார்த்த பின்பே ஒப்பிட வேண்டும்.

தேர்வுக்கான ஆயத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வினாவுக்கும் நிலைப்பாடு, இரு சான்றுகள், ஒரு மறுப்பு என்று நான்கு வரிகள் மட்டும் எழுதிப் பழகினால் போதுமானது. அவற்றுள் ஒரு சான்றாவது தேர்ந்துகொண்ட சேவையைப் பற்றிய அந்த ஒரு பக்கத்திலிருந்து வரட்டும்.