பெயர் சொல்லி ஆசீர்வதியுங்கள்: கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் நட்புக்கும்

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி பெரியம்மா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். வெளியே வீடு முழுக்க ஆட்கள், யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற சத்தம். என் தலையில் கையை வைத்தார், விரல்கள் லேசாக நடுங்கின. என் பெயரையும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவரின் பெயரையும் சொல்லி நாலே வரி ஜெபித்தார். "ஆண்டவரே, இவளுக்குப் பயம் சீக்கிரம் வரும், அவருக்கு வார்த்தை சீக்கிரம் வராது, ரெண்டு பேரையும் பார்த்துக்கொள்ளும்" என்பது அதில் ஒரு வரி. மறுநாள் ஆராதனையில் என்னென்ன பாடினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாலு வரி மட்டும் இன்னும் மனப்பாடம்.

குடும்ப விசேஷங்களை விசுவாசத்தோடு எப்படிக் கொண்டாடுவது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் காதில் விழுகிற மாதிரி, அவருக்கென்றே ஒரு ஆசீர்வாதம் சொல்லுங்கள். மண்டபம், பாட்டு, அலங்காரம் எல்லாம் அதற்கு அப்புறம் யோசித்தால் போதும். நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு ஜெபம், முடியும்போது ஒரு ஜெபம் என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், அந்த ரெண்டும் பல நேரம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற ஜெபமாக இருக்கிறது.

வேதாகமத்தில் எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஜனங்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று ஆசாரியனான ஆரோனுக்குக் கடவுளே வார்த்தை எடுத்துக் கொடுக்கிறார். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்குகிற மூன்றே வசனம், எபிரெயத்தில் எண்ணினால் மொத்தம் 15 சொற்கள்தான், முதல் வரியில் 3, அடுத்ததில் 5, கடைசியில் 7. அவ்வளவு பெரிய ஜனக்கூட்டத்துக்கான ஆசீர்வாதம், ஆனாலும் அதில் "உங்களை" என்று இல்லை, "உன்னை" என்றுதான் இருக்கிறது. 1979-இல் எருசலேமில் கெத்தேப் ஹின்னோம் என்ற இடத்துக் கல்லறைக் குகையில் இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. ஏறக்குறைய 2600 வருஷத்துக்கு முந்தியவை, அவற்றில் இதே ஆசீர்வாதத்தின் வார்த்தைகள் கீறப்பட்டிருந்தன. கயிறு கோத்து அணிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னவை. தனக்குச் சொல்லப்பட்ட ஆசீர்வாதத்தை உடம்போடு வைத்துக்கொள்ள யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

எனக்கு ஜெபிக்க வராதே என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முந்தின நாளே தாளில் எழுதுங்கள். முதல் வரியில் கடவுள் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லி அவரைக் கூப்பிடுங்கள், அடுத்து அந்த ஆளின் பெயரும் அவரைப் பற்றிய உண்மையான ஒரு விஷயமும், அதற்கப்புறம் ஒரே ஒரு வேண்டுதல். அவ்வளவுதான், நிறுத்திவிடலாம். உதாரணமாக: "கானாவூர்க் கல்யாணத்துக்கு வந்த ஆண்டவரே, இந்த ரெண்டு பேரும் ஆறு வருஷம் ஆளுக்கொரு ஊரில் இருந்து காத்திருந்தார்கள், இனி ஒரே வீட்டில் இருப்பதற்கான பொறுமையை இவர்களுக்குக் கொடும்." ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாசித்து முடித்ததும் அந்தத் தாளை மடித்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பார்த்து வாசிக்கிற ஜெபம் ஜெபமே இல்லை என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள், சங்கீதங்களும் எழுதிவைத்த ஜெபங்கள்தான்.

கல்யாண வீட்டில்

கல்யாணத் தேதி குறித்ததுமே போதகரையோ குருவானவரையோ போய்ப் பாருங்கள். ஆராதனை முறையில் எந்த இடத்தில் குடும்பத்தார் பேசலாம், யார் வேதபாடம் வாசிக்கலாம், என்ன பாட்டு பாடலாம் என்பதெல்லாம் சபைக்குச் சபை மாறும், கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

வேதபாடத்தைத் தேர்ந்தெடுக்க மணமக்களை உட்கார வையுங்கள், மற்றவர்கள் முடிவு பண்ண வேண்டாம். அது எங்கே, யாருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அன்பு நீடிய சாந்தமுள்ளது என்கிற 1 கொரிந்தியர் 13-ஐ எத்தனையோ கல்யாணங்களில் வாசிக்கிறோம், பவுல் அதை எழுதியது தங்களுக்குள் கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு. அது தெரிந்து வாசித்தால் வசனத்தின் கனமே வேறு. "நீர் போகும் இடத்துக்கு நானும் வருவேன்" என்று ரூத் சொன்னதும் அப்படித்தான், கணவனிடம் சொன்னதே இல்லை, விதவையான மருமகள் விதவையான மாமியாரிடம் சொன்னது. அதனால் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் மணமகளோ மணமகனோ துணையின் அம்மாவைப் பார்த்து வாசிக்கட்டும். நான் ஒரு கல்யாணத்தில் இதைப் பார்த்தேன், மணமகன் புத்தகத்தைக் கீழே இறக்கிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்துப் பாதியிலிருந்து மனப்பாடமாகச் சொன்னார், அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ரூத்தின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. போவாஸ் அவளை மனைவியாக ஏற்கிறபோது ஊர் வாசலில் இருந்த மூப்பர்களும் ஜனங்களும் "நாங்கள் சாட்சிதான்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஆசீர்வதிக்கவும் செய்கிறார்கள். வந்தவர்கள் வெறும் பார்வையாளர்களாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. பல சபைகளின் ஆராதனை முறையிலேயே, இவர்களுடைய இல்வாழ்வைத் தாங்குவீர்களா என்று கூடியிருப்பவர்களிடம் கேட்கிற பகுதி உண்டு. உங்கள் சபையில் இல்லாவிட்டால் வரவேற்பிலாவது வைத்துக்கொள்ளலாம், எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கேள்வி கேட்டு, ஒரே குரலில் பதில் வாங்குங்கள்.

அப்புறம் கானாவூர்க் கல்யாணம், யோவான் 2. தண்ணீர் திராட்சரசமான அற்புதத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், ஆறு கற்சாடிகளையும் எண்ணிச் சொல்கிறோம். கல்யாண வீட்டில் ஒரு குறை விழுந்ததை முதலில் கவனித்தது இயேசுவின் அம்மா மரியாள், அதை மேடையில் நின்று சொல்லாமல் போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொன்னார். பந்தி விசாரிப்புக்காரனுக்குக் கடைசிவரை அந்த ரசம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வேலைக்காரர்களுக்கு மட்டும் தெரியும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அப்படி ஒருவரை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: தனியாக நிற்கிற விருந்தாளி, சாப்பிடாத வேலையாட்கள், பழைய மனஸ்தாபத்தோடு வந்திருக்கிற சித்தப்பா, இதெல்லாம் அவர் கண்ணில் படட்டும், சத்தமில்லாமல் சரிசெய்யட்டும். நான் இதையும் ஆராதனையின் பகுதியாகத்தான் பார்க்கிறேன்.

வேறு மதத்து நண்பர்களும் உறவினரும் வருவார்கள். என்ன நடக்கும், எப்போது எழுந்து நிற்பார்கள், முழங்கால் போடுகிற இடத்தில் அவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே போதும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து இருந்தால் யார் பங்கெடுக்கலாம் என்பதையும் முதலிலேயே மென்மையாகச் சொல்லிவிடுவது நல்லது, வரிசையில் நிற்கிறபோது திருப்பி அனுப்பப்படுவது யாருக்கும் வலிக்கும். அவர்களுக்குப் பிரசங்கம் பண்ண இந்த நாளைப் பயன்படுத்தாதீர்கள், உங்கள் மகிழ்ச்சியில் பங்குபெற வந்தவர்கள் அவர்கள்.

பிள்ளை பிறந்த வீட்டில்

முதல் விஷயம், அம்மாவுக்கு ஓய்வு. கர்ப்பமாக இருந்த எலிசபெத்தைப் பார்க்கப் போன மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் கூடவே தங்கினாள் என்று லூக்கா எழுதுகிறார். தங்க முடியாதவர்கள் ஐந்து நிமிஷம் ஜெபித்துவிட்டு, துணி துவைத்துப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். அரை மணி நேரம் ஜெபம் நடத்தி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பிவிட்டுப் போகாதீர்கள்.

சபைப்படி செய்ய வேண்டியதில் ரெண்டு வழக்கம் உண்டு. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்வார்கள், அதாவது ஜெபித்துக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பார்கள், ஞானஸ்நானம் அது வளர்ந்து தானே விசுவாசித்த பிறகு. கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்றால் பிரசவத்துக்கு முன்பே பேசி முடியுங்கள், தூக்கமில்லாத ராத்திரிகளில் பேசுகிற விஷயமில்லை இது.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்குத் துணைநிற்கிற ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் உறுதியாக இருங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி அவருக்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், குழந்தையின் அப்பாவோ அம்மாவோ அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது, ஒருவர் போதும், இருவர் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். சட்டம் கேட்பவற்றில் சில இவை. என் அபிப்பிராயம், வசதியான உறவினரை வைத்துக் கௌரவிக்கிற இடம் இது இல்லை. பதினைந்து வயதில் உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்லும் என்று யோசியுங்கள், அந்த ஆளைக் கேளுங்கள்.

எருசலேம் தேவாலயத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி ஆசீர்வதித்தது வயதான சிமியோன், அங்கேயே வந்து கடவுளைப் புகழ்ந்தது அன்னாள் என்கிற முதிய விதவை. ரெண்டு பேருமே அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் இல்லை. அதனால் உங்கள் சபையிலேயே மூத்தவர் ஒருவரிடம், யாரும் அதிகம் கவனிக்காத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது, குழந்தையைக் கொடுத்து ஆசீர்வதிக்கச் சொல்லுங்கள்.

இதை எழுதும்போது ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக் குழந்தையின் ஸ்தோத்திர ஜெபத்துக்கு வந்திருந்த ஒரு அக்கா, நாலு மாதத்துக்கு முன்னால்தான் கரு கலைந்திருந்தது. சுவரோரம் நின்று பாட்டுத் தாளை மடித்துக்கொண்டே இருந்தார், பாதியாக, அதில் பாதியாக, கடைசியில் அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. நாங்கள் யாரும் அவரிடம் முன்கூட்டிப் பேசவில்லை, அது எங்கள் தவறு. சாமுவேலின் அம்மா அன்னாளும் வருஷா வருஷம் குடும்பமாகப் பண்டிகைக்குப் போன இடத்தில் அழுதுகொண்டு சாப்பிடாமல் இருந்தவள்தான், ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். குழந்தைக்காக ஏங்குகிறவர்களையும் குழந்தையை இழந்தவர்களையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வராவிட்டாலும் தப்பில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் "இவர்களுக்கும் சீக்கிரம் ஒரு குழந்தையைக் கொடும்" என்று மட்டும் தயவுசெய்து ஜெபிக்காதீர்கள்.

அன்னாள், மகனை ஆலயத்தில் விட்ட பிறகு, வருஷத்துக்கு ஒரு சின்ன சட்டை தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒவ்வொரு வருஷமும் அளவு கொஞ்சம் பெரிதாகியிருக்கும், இல்லையா. அதைப் படித்ததிலிருந்து பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பக்கம் எழுதுகிறேன்: இந்த வருஷம் நீ இப்படி இருந்தாய், உனக்காக இதைக் கேட்டேன் என்று. ஒரே நோட்டுப் புத்தகம், அதே பக்கத்தில் அப்பாவும் ஒரு வரி.

நட்புக்கு நாள் குறிப்பது

கல்யாணத்துக்கும் பிள்ளைக்கும் ஆராதனை முறை இருக்கிறது, நட்புக்கு இல்லை. அதனால்தான் அது கொண்டாடப்படாமலே போய்விடுகிறது. நீங்களே ஒரு நாள் குறித்துக்கொள்ள வேண்டியதுதான், முதல் சந்திப்பு நினைவிருந்தால் அந்த நாள், இல்லாவிட்டால் ஏதோ ஒன்று.

என்ன செய்வது என்பதற்கு ரோமர் 16 இருக்கிறது. வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரம். பவுல் அதில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், பலருக்கு ஒரு காரணமும் சேர்த்து: பெபேயாள் பலருக்கும் தனக்கும் ஆதரவாக இருந்தவள், பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள், ரூபுவின் அம்மா தனக்கும் அம்மா. எங்கள் தோழிகள் கூட்டம் சேர்ந்து பத்து வருஷம் ஆனபோது இதைத்தான் செய்தோம். வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி "நீ எனக்கு இப்படி இருந்தாய்" என்று ஒரே ஒரு வாக்கியம். கடினமான விதி ஒன்று வைத்தோம், நல்ல குணத்தைச் சொல்லக் கூடாது, நடந்ததைச் சொல்ல வேண்டும். "நீ அன்பானவள்" என்பது செல்லாது, "எங்கம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரி ரெண்டு மணிக்கு நீ நடைபாதையில் என்னோடு தரையில் உட்கார்ந்தாய்" என்பது செல்லும். ஐந்தாவது ஆள் பேசும்போது எல்லோரும் அழுதுவிட்டோம். கடைசியில் ஒருத்தி எண்ணாகமத்து ஆசீர்வாதத்தை ஒவ்வொருவர் பெயரையும் சேர்த்து, ஆறு தடவை சொன்னாள்.

விசுவாசம் இல்லாத நண்பர் இருந்தால் ஜெபிக்கலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு ஜெபியுங்கள், வேண்டாம் என்றால் அந்த ஒரு வாக்கியமே போதும், ஜெபத்தை வீட்டில் பண்ணிக்கொள்ளலாம்.

சந்தோஷ நாள் இல்லாத நேரத்திலும் போங்கள். தாவீது உயிருக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒளிந்திருந்தபோது யோனத்தான் எழுந்து அங்கேயே போய், கடவுளுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினான் என்று 1 சாமுவேல் 23-இல் இருக்கிறது. யோனத்தான் இறந்து வெகுகாலத்துக்குப் பிறகு, ராஜாவான தாவீது, அந்தக் குடும்பத்தில் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று தேடிக் கண்டுபிடித்து, யோனத்தானின் மகன், கால் ஊனமான மேவிபோசேத்தைத் தன் பந்தியில் தினமும் உட்கார வைத்தான். உங்களைவிட்டுப் போய்விட்ட நண்பர் யாராவது இருந்தால், அவருடைய பிள்ளையின் பிறந்தநாளை உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கூப்பிட்டு, "உன் அப்பா ஒரு தடவை என்ன செய்தார் தெரியுமா" என்று ஒரு கதையில் தொடங்குங்கள், போனை வைப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஆசீர்வதியுங்கள்.